மேற்குக் கரையில் எவருமில்லை

பங்குனி 4, திங்கள்

மாத முடிவில் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடமை நாட்குறிப்பு வேறு. அதில் "களப்பயணம் மேற்கொண்டேன்" என்று எழுதினால் போதும், எந்தக் களம் என்று யாரும் கேட்பதில்லை. இது என்னுடைய சொந்தக் கொப்பி. மேலொப்பம் தேவையில்லாத ஒரே பதிவேடு.

இன்று காலைப் படகில் ஒரு கடிதம் வந்தது. முருகைத்தீவின் மேற்குக் கரையில் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் அமைக்கப் போகிறதாம். இப்போது இங்குள்ள நூற்றுப்பதினெட்டுக் குடும்பங்களுக்கும் ஒரு டீசல் இஞ்சின், மாலை ஆறிலிருந்து பத்துவரை கறண்ட் தருகிறது. இனி இருபத்துநாலு மணித்தியாலமும் வருமாம். பிராந்திய நிலைமை உணர்வுபூர்வமானது என்பதால் கடிதங்களில் நாட்டின் பெயரைக் குறிப்பிடாமல் "முதலீட்டுத் தரப்பு" என்றே எழுத வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

மீன்பிடிச் சங்கத் தலைவர் சூசைதாசனிடம் காட்டினேன். கிராம அலுவலரைத் தீவில் இன்னும் பழைய வழக்கப்படி விதானையார் என்றே கூப்பிடுகிறார்கள்.

"எந்த நாடு எண்டு சொல்லேலாதோ, விதானையார்?"

"ஏலாது."

"எங்களிட்டைக் கடலட்டை வாங்கிற ஆக்கள்தானே?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"சரி. அப்ப அவைதான்."

அரச இரகசியத்தை நான் இயன்றவரை காப்பாற்றினேன்.

பங்குனி 12, செவ்வாய்

முதலீட்டுத் தரப்பினர் வந்தார்கள். ஏழு பேர். அவர்களுடைய பாஷையிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒருவர், ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு இன்னொருவர், சிங்களத்திலிருந்து தமிழுக்கு எங்கள் பிரதேச செயலாளர் மேடம். பொறியியலாளர் ஏதோ கேட்டார். என்னிடம் வந்து சேர்ந்தபோது கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் காற்று திருப்திகரமாக உள்ளதா?" மிகவும் திருப்தி என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பொறியியலாளர் ஒரு பெண்பிள்ளை. முப்பது வயதிருக்கும். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். மேற்குக் கரைப் பக்கம் கையைக் காட்டி இன்னொரு கேள்வி கேட்டார். அது ஆங்கிலமாகி, சிங்களமாகி, மேடத்தின் காதுக்கு வந்தது. மேடம் அதைத் தமிழாக்காமல் அங்கேயே பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று முழுவதும் என்னிடம் வராத கேள்வி அது ஒன்றுதான்.

போகும்போது குடும்பத்துக்கு ஒரு குடை தந்தார்கள். பெரிய குடை. தங்கள் நாட்டுக் கொடியை அதில் அச்சிட்டிருந்தார்கள். பெயரைத்தான் எழுதக்கூடாது போலும்.

பங்குனி 13, புதன்

மேடம் தொலைபேசி எடுத்தார். காணிப் படிவம் இன்றே வேண்டுமாம்.

"பதினோராவது கேள்வி இருக்கெல்லே குலேந்திரன், 'காணியில் வதிவோர் விபரம்'. அதிலை எவருமில்லை எண்டு போடுங்கோ."

"மேடம், அங்கை ஒரு வீடு..."

"காணி உறுதி இருக்கோ?"

"இல்லை."

"பேந்தென்ன?" சிறிது நேரம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்கட இடமாற்ற விண்ணப்பமும் என்ர மேசையிலைதான் கிடக்குது. ஆறு வருசமாத் தீவிலை இருக்கிறியள். பாவம், உங்கட மனிசியும் கோப்பாயிலை தனிய."

இரண்டு கோவைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேசை ஒன்று, அவ்வளவுதான்.

சட்டத்தை யோசித்துப் பார்த்தேன். காணி உறுதிப்பத்திரம் இல்லாதவர் ஒரு இடத்தில் வசிப்பதில்லை. இருக்கிறார், அவ்வளவே. "எவருமில்லை" என்று எழுதி முத்திரை குத்திப் பின்னேரப் படகில் அனுப்பினேன்.

நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தேன். நண்டுக் குழம்பு, முருங்கையிலை வறை. ஆறு வருடமாக எனக்கு மத்தியானம் சமைத்துத் தருபவர் பிலோமினா. கணவர் கடலோடு போனவர். மேற்குக் கரையில் ஆழமில்லாத தண்ணீரில் தானே இறங்கி நண்டு வலை போட்டுச் சங்கத்துக்கு விற்கிறார். மகள் நிரோஜினி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் உறுதியைத் தொலைத்துவிட்டார்கள். 2003இல் திரும்பி வந்து பழைய அத்திவாரத்தின் மேலேயே வீட்டைக் கட்டினார்கள். மேற்குக் கரையில் இருப்பது அந்த ஒரு வீடுதான்.

குழம்பு நன்றாக இருந்தது.

சித்திரை 2, செவ்வாய்

அடிக்கல் நாட்டு விழா. அமைச்சர் வந்தார். கதிரை போதவில்லை, பிலோமினா வீட்டிலிருந்து நான்கு கதிரைகள் எடுத்துக்கொடுத்தேன். தேநீரும் அவர்தான் போட்டார். அமைச்சர் அந்தக் கதிரையில் இருந்து, அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி, "மனித நடமாட்டமே இல்லாத இந்தத் தரிசு நிலத்தில்" என்று பேச்சைத் தொடங்கினார்.

பிலோமினாவும் கை தட்டினார்.

சித்திரை 19, வெள்ளி

பக்கத்துப் பெரிய நாட்டுக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லையாம். பத்திரிகையில் முதற்பக்கம். எங்கள் தீவுக்கும் அவர்களுடைய கரைக்கும் உள்ள தூரத்தைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். காற்றாடியின் உச்சியிலிருந்து பார்த்தால் அவர்களுடைய கடற்கரை தெரியுமாம். இங்கே கோவில் கூரையில் ஏறினாலே தெரியும். அதைப் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டாம் என்று சூசைதாசனை எச்சரித்தேன்.

சோறு போடும்போது பிலோமினா கேட்டார்.

"விதானையார், என்ர வீடு உந்தத் திட்டத்துக்குள்ளை வருதோ?"

"பரிசீலனையிலை இருக்கு."

"கோவையிலை என்ர பேர் இருக்கோ?"

"எல்லாம் ஒழுங்கா இருக்கு."

இந்தப் பதிலில் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கோவை ஒழுங்காகத்தான் இருக்கிறது. இருந்தும் இன்று இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை. வெக்கை.

வைகாசி 9, வியாழன்

மேற்குக் கரைக்கு முள்வேலி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிலோமினாவிடம் ஒப்பம் வாங்கும் பொறுப்பு என்னுடையது. "ஆட்சேபனை இல்லை" என்ற தாள். அங்கே வசிக்காத ஒருவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எதற்கு வாங்க வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். "பாதுகாப்புக்கு" என்றார். யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்கவில்லை.

அரை மணித்தியாலம் கதைத்தேன். கறண்ட் வந்தால் ஐஸ் பெட்டி வைக்கலாம், நண்டை மூன்று நாள் வைத்து விற்கலாம், நிரோஜினி பத்து மணிக்குப் பிறகும் படிக்கலாம், வேறு காணி கட்டாயம் தருவார்கள் என்றேன். கடைசியாகச் சொன்னது எந்தக் கடிதத்திலும் இல்லை. எனக்கு அப்படித் தோன்றியது, சொன்னேன்.

"நீங்கள் சொல்லுறியள் எண்டபடியாத்தான் வைக்கிறன்" என்று ஒப்பம் வைத்தார்.

கூரைத் தகரங்களைக் கழற்றிக் கோவிலின் சாமான் அறைக்குக் கொண்டுபோனார்கள். தாயும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். தகரத்தின் ஒரு பக்கத்தை நானும் பிடித்தேன்.

ஆனி 18, செவ்வாய்

திட்டம் இடைநிறுத்தம். காற்றாடியின் பாகங்களோடு வந்த கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நான்கு நாள் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டதாம். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது முருகைத்தீவின் கிராம அலுவலருக்கு அறிவிக்கப்படவில்லை.

இரண்டு கிழமையாகக் கடலட்டை வாங்கவும் ஆள் வரவில்லை. பிடித்த அட்டை அவித்துக் காயவைத்தபடி சங்கத்தில் குவிந்து கிடக்கிறது.

"காத்தாடிக்கும் அட்டைக்கும் என்ன விதானையார் சம்பந்தம்?" என்று கத்தினார் சூசைதாசன். "அவையள் தங்களுக்குள்ளை கோவிச்சா எங்கட அட்டை என்ன செய்தது?"

மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

ஆடி 5, வெள்ளி

பக்கத்து நாடு தானே அந்தத் திட்டத்தைச் செய்து தருமாம். கடனாக அல்ல, அன்பளிப்பாக. கடிதங்களில் இவர்களை "நட்புத் தரப்பு" என்று எழுத வேண்டும். அப்படியானால் முந்தியவர்களை என்னவென்று எழுதுவது என்பதற்கு அறிவுறுத்தல் இல்லை.

நட்புத் தரப்பின் வருகைக்கு முன் "பிற தரப்பு அடையாளமுள்ள பொருட்கள் யாவும் அகற்றப்பட வேண்டும்". அதாவது குடைகள். வீடு வீடாகப் போய் நூற்றுப்பதினான்கு குடைகளை வாங்கி அலுவலக அறையில் வைத்துப் பூட்டினேன். நான்கை ஆட்டுக்குட்டிகளுக்கு நிழலாகக் கட்டியிருந்தார்கள். அவற்றைக் கழற்ற மனம் வரவில்லை. கொடி தெரியாமல் சாக்குப் போட்டு மூடச் சொன்னேன்.

அடிக்கல்லுக்கும் ஒரு வழி பார்த்தாயிற்று. புதுக் கல் கொண்டுவர நாளில்லை என்று மேசன் பழைய கல்லையே பிடுங்கி, மறுபக்கம் திருப்பி எழுத்துப் பொளிந்து நட்டுவிட்டார். நல்ல கல்.

ஆடி 11, வியாழன்

நட்புத் தரப்பினர் வந்தார்கள். எரிக்கிற வெயில். வந்தவர்களில் ஒரு பெரியவருக்குத் தலை சுற்றியது. "குடை ஏதாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். தீவில் குடை பாவிக்கும் வழக்கம் இல்லை என்று மேடம் சொன்னார். அலுவலகச் சாவி என் பொக்கற்றில் இருந்தது.

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. அவர்களுடைய அதிகாரி ஒருவர் தமிழர். அதுதான் சிக்கலாகிப் போனது. கேள்வி நேரே என்னிடம் வந்தது.

"சார், இந்த இடத்துல யாராவது குடியிருந்தாங்களா? ஒரு வீட்டுச் சுவர் நிக்குதே?"

மேடம் என்னைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். "அது பழைய கட்டடம். எவரும் இல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். தேநீர்த் தட்டோடு பிலோமினா நின்றார். தேநீர் போட இந்த முறையும் நான்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு கோப்பையை எடுத்துக் கையில் தந்தார். தட்டோடு அடுத்தவரிடம் போனார்.

ஆடி 12, வெள்ளி

மத்தியானம் டின்மீனும் பாணும்.

ஆடி 17, புதன்

டின்மீன். கோவிற் பக்கம் போக வேலை ஒன்றும் இருக்கவில்லை.

ஆவணி 14, புதன்

பிலோமினா வேலியை வெட்டி உள்ளே போய்விட்டார். காலையில் தாயும் மகளுமாகத் தகரங்களைத் தலையில் சுமந்துகொண்டு போனதைத் தீவே பார்த்ததாம். பின்னேரத்துக்குள் பாதிக் கூரை போட்டாயிற்று. நட்புத் தரப்பிலிருந்து ஒரு மாதமாக எந்தச் செய்தியும் இல்லை. வேலிக்குக் காவலும் இல்லை.

மேடம் தொலைபேசியில் கத்தினார். "அத்துமீறிக் குடியேறினவை பற்றி உடனே அறிக்கை அனுப்புங்கோ. பேர், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் வேணும்."

ஆவணி 20, செவ்வாய்

ஆறு நாளாக அறிக்கை எழுதினேன். "அத்துமீறி" என்ற சொல்லோடு நான்கு முறை தொடங்கினேன். நான்கும் கூடைக்குள்.

ஐந்தாவதை அனுப்பிவிட்டேன். அதில் உள்ளது இதுதான்: மேற்குக் கரையில் ஒரு குடும்பம், இருவர். இடம்பெயர்வுக்கு முன்னும் அங்கேயே இருந்தவர்கள். 2003 முதல் இப்போதைய வீட்டில் வசிக்கிறார்கள். பங்குனி 13ஆந் திகதிய படிவத்தின் பதினோராவது பதில் தவறானது. அதை எழுதியவர் கீழே ஒப்பமிட்டிருப்பவரே.

பழைய பதிவைத் திருத்துவது சாதாரண நிர்வாக நடைமுறைதான். பெரிதுபடுத்த ஒன்றுமில்லை. படகு புறப்படும்வரை இறங்குதுறையில் நின்றேன். கடிதத்தைத் திருப்பி வாங்க இரண்டு தரம் யோசித்தேன்.

புரட்டாதி 6, வெள்ளி

திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு நாடுகளும் ஒரே நாளில், கிட்டத்தட்ட ஒரே வசனங்களில் அறிக்கை விட்டிருக்கின்றன. "உள்ளூர் மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து" என்று ஒன்று. "அங்கு வாழும் குடும்பத்தின் உரிமையை மதித்து" என்று மற்றது. முருகைத்தீவில் மக்கள் வாழ்கிறார்கள் என்பது உலகத்துக்கு இன்று காலைதான் தெரிந்திருக்கிறது. ஒரு பத்திரிகை, "வல்லரசுகளைத் தடுத்து நிறுத்திய விதவை" என்று தலைப்புப் போட்டு வேறு யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் போட்டிருக்கிறது.

இந்தச் செய்தி தீவுக்கு வந்த விதம் வேறு. காற்றாலை வருகிறது என்று டீசல் இஞ்சினுக்கான உதிரிப்பாகங்களை நிறுத்தியிருந்தார்கள். இப்போது கறண்ட் இரண்டு மணித்தியாலம்தான்.

"ஒரு மனிசியாலை முழுத் தீவும் இருட்டிலை" என்று சங்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் சூசைதாசன். பிலோமினா கொண்டுவந்த நண்டை நிறுக்கவில்லை. தராசு பழுதாம். அவருக்குப் பின்னால் நின்றவருடைய நண்டுக்குத் தராசு சரியாகிவிட்டது.

புரட்டாதி 24, செவ்வாய்

படகில் நிரோஜினிக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஒரு கிழவி அவளுக்குக் கேட்கவே திட்டிக்கொண்டு வந்தார். நான் எதிரே இருந்து பத்திரிகை வாசித்தேன். ஒரே பக்கத்தை.

ஐப்பசி 14, திங்கள்

பிரதேச செயலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விசாரணை என்று நினைத்துப் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். மேடம் சிரித்தபடி எழும்பி நின்று கதிரை காட்டினார்.

"உங்கட கடிதம் பெரிய உதவி, குலேந்திரன். மேலிடத்திலை எல்லாருக்கும் சந்தோசம்."

"என்னெண்டு மேடம்?"

"ஆடி கடைசியிலையே திட்டத்தை விட்டுட்டினம். ஒராளை ஒராள் பகைக்கேலாது, ரெண்டு பேரும் கைவிடுவம் எண்டு பேசி முடிச்சாச்சு. ஆனா வெளியிலை சொல்ல ஒரு காரணம் வேணுமெல்லே? தேடிக்கொண்டு இருந்தவை. உங்கட கடிதம் வந்துது."

கோவையைத் திருப்பிக் காட்டினார். கைவிடும் தீர்மானம்: ஆடி 29. என்னுடைய கடிதம்: ஆவணி 20. நான் வாழ்க்கையில் துணிந்து எழுதிய ஒரே கடிதம், முடிந்துபோன விசயத்துக்கு ஒட்டிய முத்திரையாகிவிட்டது.

"அங்கை அந்த மனிசியைச் சனம் படுத்துற பாடு தெரியுமோ மேடம்?"

"அது கொஞ்ச நாளிலை அடங்கீடும்" என்றார். பிறகு மேசை லாச்சியிலிருந்து இன்னொரு தாளை எடுத்துத் தந்தார். இடமாற்றம். கார்த்திகை 4 முதல் கோப்பாய்.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுதாள். எனக்கும் சந்தோசம்தான். திரும்பி வரும் படகில் அந்தத் தாளை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். கண்ணில் பட்டதெல்லாம் திகதிகள்தான்.

ஐப்பசி 20, ஞாயிறு

பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். இஞ்சின் பிரச்சினை. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பிலோமினா வாசலுக்கு வெளியே, சுவரோடு நின்றார். உள்ளே இடம் இருந்தது.

நான் எழும்பினேன். பேச என்று ஒன்றும் எழுதிக்கொண்டு போகவில்லை. இரண்டு திகதிகளை மட்டும் சொன்னேன். திட்டத்தை விட்டது ஆடி 29. பிலோமினா வேலியை வெட்டினது அதுக்குப் பிறகு, ஆவணி 14. அவர் போயிருக்காவிட்டாலும் கறண்ட் வந்திருக்காது. பிறகு பங்குனி 13ஐயும் சொன்னேன். "அண்டைக்கு அந்தக் காணியிலை எவருமில்லை எண்டு எழுதினது நான். எழுதிப்போட்டு அந்த வீட்டிலைதான் சாப்பிட்டனான்."

சூசைதாசன்தான் முதலில் வாய் திறந்தார்.

"இதை ஏன் இப்ப சொல்லுறியள் விதானையார்? மாற்றம் கிடைச்சிட்டுது எண்டபடியாலோ?"

"அதுவும் ஒரு காரணம்" என்றேன். உண்மைதான். கிடைக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப இனிக் கறண்ட் வராதோ?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"வராது."

கொஞ்ச நேரம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். முறைப்படி, வயது வரிசையில். ஒருவர் என் படிப்பைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் என் முகத்தைப் பற்றி. கூட்டம் கலையும்போது சூசைதாசன் வாசலைப் பார்த்து, பிலோமினாவின் முகத்தைப் பாராமல் சொன்னார்: "நாளைக்கு நண்டைக் கொண்டு வாங்கோ. தராசு திருத்தியாச்சு."

பிலோமினா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ அதில் எதையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

ஐப்பசி 22, செவ்வாய்

நான் பேசியதை யாரோ தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்களாம். மேடம் கத்தவில்லை. மிகவும் மரியாதையாகக் கதைத்தார். நிர்வாகக் காரணங்களுக்காக இடமாற்றம் இரத்துச் செய்யப்படுகிறது. முருகைத்தீவுக்கு என் சேவை இன்னும் தேவைப்படுகிறதாம்.

மனைவி இந்த முறை அழவில்லை. "சரி, சனிக்கிழமை வாறன். டின்மீனைத் திண்டு சாகாதேங்கோ" என்றாள்.

கார்த்திகை 12, செவ்வாய்

காலை பத்து மணிக்கு பிலோமினா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே கதைத்தார்.

"கச்சேரியிலை காணிக்கு விண்ணப்பம் எடுக்கினமாம். வதிவிடக் கடிதம் வேணும்."

மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கடிதம். நல்ல தாளாக எடுத்துக் கையாலேயே எழுதினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், இடம். ஒப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இதென்ன சொல்லு?"

எட்டிப் பார்த்தேன். "மேற்குக் கரையில் தற்காலிகமாக வசித்து வருகிறார்" என்று இருந்தது. யாரும் எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

"அந்தச் சொல்லை எடுங்கோ, விதானையார்."

"வெட்டி விடட்டோ?"

"வெட்டின கடிதத்தைக் கச்சேரியிலை எடுக்கமாட்டினம். புதுசா எழுதுங்கோ. நிக்கிறன்."

இரண்டு மணிப் படகுக்கு நேரம் இருந்தது. பழையதைக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்து முதல் வரியிலிருந்து எழுதினேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் அவர் மேசைக்குக் கிட்ட வந்து, என் பேனை முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வரி முடியும்வரை நின்றார்.